நாற்பத்திரண்டாவது செகண்டிலிருந்து

அன்றைக்கு அந்த இடத்தில் இருந்தவர்கள் மொத்தம் முப்பத்தேழு பேர். போலீஸ் நாலு: சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர், கான்ஸ்டபிள் இரண்டு பேர், ஜீப்பை விட்டுக் கீழே இறங்காத டிரைவர் ஒருவர். நகராட்சி ஆட்கள் மூன்று: சானிட்டரி இன்ஸ்பெக்டர், அவர்கூட மஞ்சள் பெயிண்ட் டப்பாவோடு வந்த இரண்டு பேர். தள்ளுவண்டிக்காரர்கள் இருபத்துமூன்று. சாமான் வாங்க வந்தவர்கள் ஐந்து, அதில் ஒரு அம்மா குடை வைத்திருந்தார். டீக்கடை மாஸ்டர் ஒன்று. நான் ஒன்று. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்.

போலீஸ் எழுதின காகிதத்தில் "சுமார் நூறு பேர் கூடியிருந்தனர்" என்று இருக்கிறது. நூறு இல்லை. முப்பத்தேழு. மூன்றாம் நாள் ஒருவர் போய்விட்டார், அப்புறம் முப்பத்தாறு.

நீங்கள் கேட்டதற்குத்தான் பதில் சொல்கிறேன். உறையைப் பார்த்துவிட்டு எக்ஸ்ரேயா என்று கேட்டீர்கள். எக்ஸ்ரே இல்லை. எக்ஸ்ரே உறை மாதிரித்தான் பெரிதாக இருக்கிறது, அவர்களிடம் சின்ன உறை இல்லையாம். உள்ளே ஒரு டிஸ்க் இருக்கிறது, அவ்வளவுதான். போலீஸ்காரர் நெஞ்சில் மாட்டியிருக்கிற கேமராவில் பதிவானது. தீப்பெட்டி அளவு இருக்கும் அந்தக் கேமரா. பதினாலு மாதம் எழுதிக் கேட்டு, இன்றைக்குக் கொடுத்தார்கள்.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. பஸ் நிற்கிற வரைக்கும் சொல்கிறேன். கடலையைச் சாப்பிடுங்கள், எனக்கு வேண்டாம்.

நான் ஏழாவது வரைக்கும் படித்தேன். உரக் குடோனில் முப்பத்தெட்டு வருஷம் மூட்டை எண்ணினேன். லாரியில் ஏற்றும்போது ஒரு ஆள் வாசலில் நின்று எண்ண வேண்டும். நாலு மூட்டைக்கு நாலு கோடு, ஐந்தாவதுக்குக் குறுக்கே ஒரு கோடு. அந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. எண்ணுகிறவனை யார் கூப்பிட்டாலும் அவன் திரும்பக் கூடாது. முதலாளி கூப்பிட்டாலும் சரி, வீட்டிலிருந்து ஆள் வந்தாலும் சரி. ஒரு தடவை என் சம்சாரத்துக்குப் பிரசவ வலி என்று ஆள் வந்து மூன்று தடவை கூப்பிட்டான். இருநூற்றுப் பன்னிரண்டு முடியட்டும் என்று கையைக் காட்டினேன். முடித்துவிட்டுத்தான் போனேன். மகன் பிறந்து ஏழு நிமிஷம் ஆகியிருந்தது. அந்த லாரியில் ஒரு மூட்டைகூடக் குறையவில்லை.

ரிட்டயர் ஆன பிறகு தள்ளுவண்டிக்காரர்கள் சங்கத்தில் கூப்பிட்டார்கள். சங்கத் தலைவர் செல்லத்துரை, வெங்காய வண்டிக்காரர், அவரே வீட்டுக்கு வந்தார். "யாரை வச்சாலும் சொந்தக்காரன் பேரைச் சொருகிடுறான் அண்ணாச்சி. நீங்க லிஸ்ட்டு எழுதுங்க, ஒருத்தனும் வாயைத் தொறக்க மாட்டான்" என்றார். சரி என்றேன். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு அது ஒரு வேலை.

நகராட்சியில் அடையாள அட்டை கொடுப்பதற்காக ஆள் கணக்கு எடுக்க வந்தார்கள். யார் யார் சந்தைமேட்டு ரோட்டில் வண்டி போடுகிறார்கள் என்று நேரில் பார்த்து எழுத வேண்டும். என் நோட்டை வைத்துத்தான் அவர்கள் எழுதினார்கள். இருபத்திரண்டு பேர். அன்றைக்கு என் மாப்பிள்ளை அங்கே இல்லை. மாப்பிள்ளை என்றால் தங்கச்சி வீட்டுக்காரர். அடைக்கலம் என்று பெயர். கொய்யா வண்டி. பதினாறு வருஷமாக அதே புளியமரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவர். குடல்வால் ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்.

தங்கச்சி வந்து கேட்டாள். பவுனாம்பாள், எனக்கு எட்டு வயது இளையவள். "அண்ணே, எல்லாருக்கும் தெரியும் அவர் அங்கதான் நிக்கிறாருன்னு. நீ பேரை எழுதிட்டா முடிஞ்சுது."

"நேரில் இல்லாதவர் பெயரை எப்படி எழுதுவது?" என்றேன்.

"நேர்ல இல்லாதவர் ஆஸ்பத்திரில இருக்காருண்ணே. ஊரை விட்டா ஓடிட்டாரு?"

எழுதவில்லை. அடுத்த தடவை வரும்போது சேர்த்துக்கொள்வார்கள் என்று சொன்னேன். தனி மனு போட வைத்தேன். மனுவை நானே எழுதினேன், ஒரு பிழை இல்லாமல். ரசீது கொடுத்தார்கள். அந்த ரசீதை மடித்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, சட்டைப் பையில் வைத்திருப்பார். அவர் பெயருக்கு நேரே என் நோட்டில் ஒன்றும் இல்லை. அது உண்மை.

அன்றைக்குக் காலை பத்து இருபதுக்கு ஜீப் வந்தது. மஞ்சள் கோடு போடப் போகிறார்கள், கோட்டுக்கு உள்ளே அட்டைக்காரர்கள் மட்டும்தான் நிற்கலாம் என்றார்கள். சப்-இன்ஸ்பெக்டர் மரியாதையான மனிதர். என்னைப் பார்த்து, "பெருசு, நீங்கதான் கணக்கா? எத்தனை வண்டி, எத்தனை அட்டைன்னு சொல்லுங்க" என்றார். கேட்டால் சொல்லத்தானே வேண்டும். எண்ணினேன். இருபத்துமூன்று வண்டி, இருபத்திரண்டு அட்டை.

அதற்கப்புறம் நடந்தது ஒரு நிமிஷத்துக்குள் நடந்தது. கான்ஸ்டபிள் ஒருவர் கொய்யா வண்டியைப் பிடித்து இழுத்தார். மாப்பிள்ளை விழுந்தார். பின்மண்டை சாக்கடை ஓரத்துக் கல்லில் பட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கண் திறக்கவில்லை. வார்டு வாசலிலிருந்து படுக்கைக்கு முப்பத்தொரு எட்டு. மூன்றாம் நாள் காலை ஆறு ஐம்பதுக்கு முடிந்தது.

போலீஸ் அவர் மேல் ஒரு வழக்கு எழுதியிருந்தார்கள். அவர் உயிரோடு இருக்கும்போதே, அன்றைக்கு மத்தியானமே எழுதிவிட்டார்கள். ஒரு கிலோ எடைக்கல்லைத் தூக்கிக் கான்ஸ்டபிளை அடிக்கப் போனார், கான்ஸ்டபிள் தற்காப்புக்காகக் கையை நீட்டினார், இவர் தானாகத் தடுமாறி விழுந்தார். அப்படி எழுதியிருந்தது. எடைக்கல்லை வழக்குச் சொத்து என்று எடுத்துப் போய்விட்டார்கள். இன்றைக்கும் ஸ்டேஷனில்தான் இருக்கிறது. தங்கச்சி இப்போது அதே வண்டியில் இரண்டு அரைக் கிலோக் கல்லை வைத்து நிறுத்துக் கொடுக்கிறாள்.

சாட்சி கேட்டு வந்தார்கள். இருபத்திரண்டு பேரும் பார்க்கவில்லை என்றார்கள். அவர்களைக் குறை சொல்லக் கூடாது, அட்டை வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. டீக்கடை மாஸ்டர் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். என்னையும் கேட்டார்கள். நான் வடக்குப் பக்கம் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். தங்கச்சியிடமும் அதையேதான் சொன்னேன். வடக்குப் பார்த்துத்தான் நின்றேன். அது பொய் இல்லை. கொய்யா வண்டியும் வடக்குப் பக்கத்தில்தான் நின்றது, ஆனால் அதை அவர்கள் கேட்கவில்லை.

தங்கச்சி அழுகிற ஜாதி இல்லை. சந்தையில்தான் பேச்சு கிளம்பியது. வாழைப்பழ வண்டிக்காரி ஒருத்தி வாடிக்கையாளரிடம், "அந்தக் கொய்யாக்காரிகிட்டப் பேரம் பேசாதீங்கக்கா, கல்லைத் தூக்கிருவாங்க, குடும்ப வழக்கம்" என்று சொல்லிச் சிரித்தாள். தங்கச்சியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அதற்கப்புறம் நாலு வேளை சாப்பிடவில்லை. நான் பக்கத்து வீடுதான், தட்டைக் கழுவுகிற சத்தம் எனக்குக் கேட்கும்.

ஐந்தாவது வேளை என்னிடம் வந்தாள். "அண்ணே, அந்த எஸ்.ஐ. நெஞ்சுல கேமரா இருந்துச்சாம்ல?"

"இருந்தது."

"அப்ப அதுல எல்லாம் இருக்குமா?"

"இருக்கும்."

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம்ணே. யாரையும் ஜெயில்ல போடவும் வேணாம். அவரு கல்லைத் தூக்குனாரா, தூக்கலையா, அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும். செத்த மனுசனை ரவுடின்னு எழுதி வச்சிருக்காங்க. தேன்மொழிக்கு நாளைக்கு ஒரு வேலை, ஒரு கல்யாணம்னு வந்தா இந்தக் காகிதம்தானே முன்னாடி வந்து நிக்கும்?" தேன்மொழி அவளுடைய பெண். நர்சிங் படிக்கிறாள்.

அவள் கேட்டது அவ்வளவுதான். ஒரு கல், கையில் இருந்ததா இல்லையா.

அந்தக் கேமராவில் பதிவானதை முப்பது நாள்தான் வைத்திருப்பார்களாம். யாரும் கேட்காவிட்டால் முப்பத்தொன்றாம் நாள் அதுவாகவே அழிந்துவிடும். நான் பதினோராவது நாளே தகவல் மனு போட்டுவிட்டேன். "மேற்படி பதிவை அழிக்காமல் பாதுகாக்கவும்" என்று ஒரு வரி சேர்த்து எழுதி, அடியில் கோடு போட்டேன். அந்த ஒரு வரியால்தான் அது இன்றைக்கு இருக்கிறது. தகவல் கமிஷன் விசாரணையில் கமிஷனர் அம்மாவே சொன்னார்.

இருபத்தொன்பதாம் நாள் பதில் வந்தது, புலன்விசாரணை பாதிக்கும், தர முடியாது. மேல்முறையீடு போட்டேன். அதற்குப் பதில், மற்றவர்கள் முகம் தெரிகிறது, தர முடியாது. இரண்டாவது மேல்முறையீடு போட்டேன். எல்லாம் என் கையெழுத்துதான். தங்கச்சிக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும், அதனால் மனுதாரர் என்று என் பெயரே இருக்கட்டும் என்றாள். "நீ எழுதினாத்தாண்ணே கணக்கா இருக்கும்" என்றாள். மொத்தம் எட்டுக் கடிதம், நாற்பத்தாறு பக்கம்.

அப்போதெல்லாம் எனக்கு மனதில் ஒன்றும் இல்லை, தம்பி. பொத்தானை அமுக்கின பிறகுதான் கேமரா பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சண்டை ஆரம்பித்த பிறகுதானே அமுக்குவார்கள்? நான் சண்டைக்கு முன்னாலேயே எண்ணி முடித்துவிட்டவன்.

போன மாதம் கமிஷனிலிருந்து உத்தரவு வந்தது. மனுதாரர் நேரில் போய்ப் பதிவு முழுவதையும் பார்க்கலாம். அதில் எந்தப் பகுதி வேண்டுமோ அதை நேரத்தோடு குறித்துக் கொடுத்தால், மற்றவர்கள் முகத்தை மறைத்துவிட்டு அந்தப் பகுதியைப் பிரதி எடுத்துக் கொடுக்க வேண்டும். அதுதான் உத்தரவு. தங்கச்சியும் கூட வருகிறேன் என்றாள். மனுதாரர் மட்டும்தான் உள்ளே போகலாம் என்று சட்டம் இருக்கிறது என்றேன். உத்தரவில் அப்படித்தான் இருந்தது. வெளியில் உட்கார்ந்திருக்கிறேன் என்றாள். வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்ளாதே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இன்றைக்குக் காலை பதினொன்று ஐந்துக்கு உட்கார வைத்தார்கள். ஒரு அறை, ஒரு கம்ப்யூட்டர், இரண்டு நாற்காலி. மேகலா என்று ஒரு தலைமைக் காவலர். முப்பத்தைந்து வயது இருக்கும். "ஐயா, தண்ணி குடிக்கிறீங்களா? பார்த்துட்டு மயக்கம் வந்தவங்க இருக்காங்க" என்றார்.

"வேண்டாம் அம்மா. மொத்தம் எவ்வளவு நேரம்?"

"ஆறு நிமிஷம் பன்னெண்டு செகண்டு."

நோட்டில் குறித்துக்கொண்டேன். அவர் தட்டிவிட்டார். படம் ஓடுகிறது, சத்தம் இல்லை. கம்ப்யூட்டர் கெட்டுப் போயிருக்கிறதா என்று கேட்டேன்.

"இல்லைங்கய்யா, இது அப்படித்தான். பொத்தானை அமுக்குறதுக்கு முன்னாடி நடந்த அரை நிமிஷத்தையும் அது தானாப் பிடிச்சு வச்சிருக்கும். படம் மட்டும்தான். அமுக்கின பிறகுதான் சத்தம் வரும்."

முதல் முப்பது செகண்டில் சத்தம் இல்லை. அதில் நான் இருக்கிறேன்.

ஏழு தடவை போட்டுப் பார்த்தேன். வரிசையாகச் சொல்கிறேன். ஒன்றிலிருந்து பதின்மூன்று வரைக்கும் நான் வண்டிகளை எண்ணிக்கொண்டு வருகிறேன். என் முதுகு இவ்வளவு கூன் போட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வலது கை ஆள்காட்டி விரல் ஒவ்வொரு வண்டியாகக் காட்டிக்கொண்டு போகிறது. பதினாலாவது செகண்டில் விரல் கொய்யா வண்டியிடம் நிற்கிறது. வண்டிக்கும் எனக்கும் நடுவில் ஒரு கை தூரம். மாப்பிள்ளை என்னைப் பார்க்கிறார்.

பார்க்கிறவர்களுக்கு அது ஆளைக் காட்டுகிற மாதிரித் தெரியும். எண்ணுகிற வேலை செய்தவனுக்குத்தான் தெரியும், எண்ணிக்கை எங்கே முடிகிறதோ அங்கே விரல் நிற்கத்தான் செய்யும். குடோனில் கடைசி மூட்டையிடமும் அப்படித்தான் நிற்கும். மூட்டை ஒன்றும் தப்பாக நினைக்காது.

அப்போது மாப்பிள்ளை கையில் கல் இருக்கிறது. ஒரு கிலோக் கல். குடை வைத்திருந்த அம்மாவுக்கு நிறுத்துக்கொண்டிருந்தார். பத்தொன்பதாவது செகண்டில் கல்லைக் கொய்யாக் கூடை ஓரத்தில் வைக்கிறார். மெதுவாக, பழம் நசுங்காமல். இருபத்திரண்டில் சட்டைப் பையில் கை விடுகிறார். இருபத்தாறில் அந்த ரசீதை விரித்துக் காட்டுகிறார். கல் கூடையில் இருக்கிறது. கடைசி வரைக்கும் கூடையில்தான் இருந்திருக்க வேண்டும், அதற்கப்புறம் அவர் இரண்டு கையிலும் ரசீதைத்தான் பிடித்திருக்கிறார்.

அப்போது மேகலா கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஐயா, பார்த்தீங்கல்ல? வச்சுட்டாரு" என்றார். போலீஸ்காரர்தான், ஆனாலும் சொன்னார்.

"பார்த்தேன் அம்மா. பத்தொன்பது" என்றேன்.

முப்பத்தொன்றில் சத்தம் ஆரம்பிக்கிறது. முதல் சத்தம் ஒரு பஸ் ஹாரன். முப்பத்துமூன்றில் மாப்பிள்ளை குரல். "மச்சான், நீங்க சொல்லுங்க." முப்பத்தைந்தில் மறுபடியும், "மச்சான்." முப்பத்தேழில் இன்னொரு தடவை, கொஞ்சம் மெதுவாக. மூன்று தடவை. நான் திரும்பவில்லை. முன்னாலேயே சொன்னேன் இல்லையா, எண்ணுகிறவன் திரும்பக் கூடாது. முப்பத்தெட்டு வருஷப் பழக்கம், ஒரே நாளில் போகாது.

முப்பத்தெட்டில் சப்-இன்ஸ்பெக்டர் கேட்கிறார். "பெருசு, இவரு உங்க லிஸ்ட்டுல இருக்காரா?"

நாற்பத்தொன்றில் ஒரு குரல், "லிஸ்ட்டுல இல்லைங்க" என்கிறது. யார் குரல் என்று எனக்கு முதலில் தெரியவில்லை. இரண்டாவது தடவை போட்டபோதுதான் தெரிந்தது. என் குரலை நான் வெளியிலிருந்து கேட்டதே இல்லை. சன்னமாக, சுத்தமாக இருக்கிறது.

லிஸ்ட்டில் இல்லை என்பது உண்மைதானே. ஆபீசர் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா?

நீங்கள் கடலையைக் கீழே வைத்துவிட்டீர்கள். சாப்பிடுங்கள்.

நாற்பத்திரண்டில் கான்ஸ்டபிள் வண்டியின் கைப்பிடியைப் பிடிக்கிறார். நாற்பத்தாறில் மாப்பிள்ளையின் தோளுக்கு மேலேதான் தெரிகிறது. கை தெரியவில்லை, தராசும் பழக்கூடையும் மறைக்கின்றன. நாற்பத்தொன்பதில் கான்ஸ்டபிளின் கை அவர் நெஞ்சில். ஐம்பதில் அவர் படத்தில் இல்லை. தராசுத் தட்டு விழுகிற சத்தம். அதற்கப்புறம் ரோடு தெரிகிறது, கொய்யா உருளுகிறது. பத்தொன்பது பழம் எண்ண முடிந்தது, அதற்கு மேல் ஜீப்புக்கு அடியில் போய்விட்டது. யாரோ தண்ணீர் கேட்கிறார்கள். யாரோ நூற்றெட்டுக்குப் போன் போடுகிறார்கள். குடை அம்மா, "அடப்பாவிகளா, ரத்தம் வருதே" என்கிறார். ஆறு பன்னிரண்டில் முடிகிறது.

மேகலா ஒரு படிவம் கொடுத்தார். "எங்கேர்ந்து எது வரைக்கும் வேணும்னு குறிச்சுக் கொடுங்கய்யா. முழுசாவே கேளுங்க. யாரும் துண்டு கேக்க மாட்டாங்க."

நான் எழுதினேன். நாற்பத்திரண்டாவது செகண்டிலிருந்து ஆறு நிமிஷம் பன்னிரண்டு செகண்டு வரை.

அவர் அதைப் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் படித்தார்.

"ஐயா, கல்லை வைக்கிறது பத்தொன்பதுல."

"ஆமாம் அம்மா."

"அது இதுல வராது."

"அது சத்தம் இல்லாத பகுதி அம்மா. சத்தம் இல்லாமல் என்ன புரியும்?"

"அதுலதான்யா எல்லாமே புரியுது." பேனா முனையால் நான் எழுதின வரியைத் தொட்டார். "நீங்க கேட்ட துண்டுல கை தெரியாது. எங்க ஆளுங்க எழுதினது சரின்னே தோணும். அவங்க வீட்டம்மா அதுக்காகத்தானே கேட்டாங்க? உங்க மனுவுலயே எழுதியிருக்கீங்க. 'எடைக்கல் குறித்த உண்மையை அறிய'ன்னு."

"எழுதியிருக்கிறேன்."

"அப்புறம்?"

மற்றவர்கள் முகம் தெரிகிறது, அவர்களுக்குச் சங்கடம் என்றேன். முகத்தை மறைத்துத் தருவோம் என்றார். முகத்தை மறைக்கலாம் அம்மா, கூனை எப்படி மறைப்பது, குரலை எப்படி மறைப்பது என்று கேட்டேன். அவர் படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். நானும் அதை எதற்குக் கேட்டேன் என்று தெரியவில்லை, கேட்டுவிட்டேன்.

தங்கச்சியிடம் நான் வாயால் சொல்லிவிடுவேன். கல்லை வைத்துவிட்டார், என் கண்ணால் பார்த்தேன், பத்தொன்பதாவது செகண்டு என்று சொல்லுவேன். ஏழு தடவை பார்த்தேன் என்றும் சொல்லுவேன். நான் சொன்னால் அவள் நம்புவாள், எப்போதும் நம்புகிறவள்தான். வடக்குப் பக்கம் என்றேன், நம்பவில்லையா? ஊர் நம்பாது, காகிதம் மாறாது, அது வேறு விஷயம். அவள் கேட்டது தெரிய வேண்டும் என்பதுதான். தெரிந்துவிடும்.

படிவத்தில் இன்னொரு கட்டம் இருந்தது. "மீதிப் பகுதி தேவையில்லை" என்று அச்சடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட இடம். போட்டேன். பேனா நன்றாக எழுதியது. உத்தரவை நிறைவேற்றி முடித்த பிறகு முப்பது நாள் வைத்திருப்பார்களாம், அப்புறம் வழக்கம்போல அழிந்துவிடுமாம். மேகலா அதையும் சொன்னார். "முப்பது நாள் இருக்குய்யா. மனசு மாறுனா ஒரு வெள்ளைத்தாள்ல எழுதிட்டு வாங்க, நான் எடுத்துத் தர்றேன்." மறுபடியும் சொன்னார், "வெள்ளைத்தாள் போதும்யா."

என்னைப் போன்ற மனுதாரரைப் பார்த்ததில்லை என்று மேலே இருந்த அதிகாரி சொன்னார். செகண்டு வாரியாகக் குறித்துக் கொடுத்திருக்கிறேனாம். மற்றவர்கள் எல்லாம் குத்துமதிப்பாக எழுதுவார்களாம். கை கொடுத்தார். அவர் படத்தைப் பார்க்கவில்லை, படிவத்தை மட்டும்தான் பார்த்தார்.

மத்தியானம் இரண்டு மணிக்கு டிஸ்க் கொடுத்தார்கள். ஒன்று நான் எதிர்பார்க்கவில்லை. உறையின் மேலேதான் விவரம் எழுதியிருப்பார்கள் என்று நினைத்தேன். அந்த மேகலா, டிஸ்க் மேலேயே, கறுப்பு மை பேனாவால், பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார். இதோ, காட்டுகிறேன். ஓரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், நடுவில் விரல் படக் கூடாதாம். "00:42 முதல் 06:12 வரை. மொத்தப் பதிவு 06:12." இரண்டு வரி. இரண்டாவது வரி உத்தரவில் கேட்டது இல்லை. அவராக எழுதியது.

இங்கே லேசாகத் தேய்ந்திருக்கிறது பாருங்கள், அது நான்தான். பஸ் ஸ்டாண்டில் விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். மை நல்ல மையா என்று தெரிந்துகொள்ளத்தான். நல்ல மை. போகவில்லை.

பஸ் ஏறினதும் தங்கச்சி போன் போட்டாள். நீங்கள் அப்போது ஜன்னல் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தீர்கள்.

"அண்ணே, குடுத்துட்டாங்களா?"

"கொடுத்துவிட்டார்கள்."

"முழுசா?"

"சத்தத்தோடு கொடுத்திருக்கிறார்கள்" என்றேன்.

"அவரு குரல் கேக்குதாண்ணே? பேசுறாரா?"

பஸ் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று சொன்னேன். கேட்டது. அவள் இன்னொரு தடவை கேட்டாள். "கடைசியா என்ன சொன்னாரு?" டவர் இல்லை என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று வைத்துவிட்டேன். நான் போனை அப்படி வைக்கிறவன் இல்லை.

அவள் பஸ் ஸ்டாண்டுக்கே வருகிறாள். தேன்மொழியும் வருகிறாள், இன்றைக்கு லீவு போட்டிருக்கிறாளாம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் இருக்கிறது, அங்கேயே போட்டுப் பார்த்துவிடலாம் என்று பேசி வைத்திருக்கிறார்களாம். தங்கச்சிக்குப் படிக்க வராது. அவள் மட்டும் என்றால், போட்டது எவ்வளவோ அதுதான் முழுசு என்று நினைத்துக்கொள்வாள். தேன்மொழி படிப்பாள். ஆஸ்பத்திரியில் ஊசி மருந்து அளந்து பழகினவள், எதையும் கையில் வாங்கினதும் முதலில் மேலே எழுதியிருப்பதைத்தான் படிப்பாள். சின்ன வயதில் கழித்தல் கணக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். கடன் வாங்கிக் கழிப்பதில்கூட அவளுக்குத் தப்பு வராது.

இல்லை, நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். நான் எதுவும் கேட்கவில்லை. எக்ஸ்ரேயா என்று கேட்டீர்கள், அதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.

வெள்ளைத்தாள் என்னிடம் எப்போதும் இருக்கும், நோட்டுக்குள் மடித்து வைத்திருப்பேன். நாலு தாள் இருக்கிறது. முப்பது நாளில் இன்றைக்கு ஒன்று போய்விட்டது.

அதோ மேம்பாலம் தெரிகிறது, இன்னும் இரண்டு ஸ்டாப்தான். டிஸ்க்கைக் கொடுங்கள், உறைக்குள் வைத்துவிடுகிறேன். எழுத்து உள்பக்கமாக இருக்கட்டும்.

மொத்தம் ஆறு நிமிஷம் பன்னிரண்டு செகண்டு. இதில் இருப்பது, நாற்பத்திரண்டாவதையும் சேர்த்து, ஐந்து நிமிஷம் முப்பத்தொரு செகண்டு. மிச்சம் நாற்பத்தொரு செகண்டு.